‘அப்’ என்றால் மேலே மட்டும்தானா? ஆங்கிலம் பேசத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொலைபேசியில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. எதிர்முனையில் இருந்தவர் இரண்டு கேள்விகள் கேட்டார், இவளும் நன்றாகவே பதில் சொன்னாள். மூன்றாவது பதிலுக்கு நடுவில் அவர் குறுக்கிட்டு, “ஸாரி, யூ ஆர் பிரேக்கிங் அப்” என்றார். என்னிடம் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு ‘பிரேக்’ என்றால் உடைவது என்று தெரியும். ‘பிரேக் அப்’ என்றால் உறவு முறிவது என்றும் தெரியும். பேச்சை முறித்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, “ஓகே சார், தேங்க் யூ” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: “உங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது.”

அன்று அவள் அழுதது இன்னும் என் மனதில் இருக்கிறது. பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலை வாரிவிட்டது ஒரு இரண்டெழுத்துச் சொல். அதற்குப் பிறகுதான் ‘அப்’ என்ற இந்தச் சொல்லைத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அந்த வரிசையில்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் லண்டனில் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றிவிடும் வழக்கம் ஆங்கிலத்தில் மிக அதிகம், வேற்று மொழிக்காரர்களுக்கு இதில்தான் பெரிய கஷ்டம் என்கிறார். இந்த ஜோடிகளுக்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயர் 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதியதிலிருந்து பரவியது. அந்தப் பெயரை அவருக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர் வந்து நூறு வருஷம் ஆகியும், நம் வகுப்புகளில் இதை ஒரு நீளமான பட்டியலாகக் கொடுத்து ‘மனப்பாடம் செய்’ என்றுதான் சொல்கிறார்கள். பட்டியல் ஒரு வாரம்கூட மனதில் நிற்காது.

எனவே பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் நம் வாயிலிருந்து வரும் தமிழைக் கவனியுங்கள்.

பசி எடுக்கிறது. வாந்தி எடுத்தான். படம் எடுத்தார்கள். வாடகைக்கு எடுத்தோம். அந்தப் பேச்சை எடுக்காதே. திருடன் ஓட்டம் எடுத்தான். இதில் எங்கேயாவது யாராவது கையை நீட்டி எதையாவது எடுத்தார்களா? இல்லை. ஆனாலும் ஒரு தமிழ்க் குழந்தைகூட இதில் குழம்புவதில்லை. ‘எடு’ என்பதைத் தனியாகப் பிரித்து நாம் யோசிப்பதே இல்லை, முன்னால் நிற்கும் சொல்லோடு சேர்த்தே கேட்கிறோம். ‘அப்’பையும் அப்படிக் கேட்கப் பழக வேண்டும். அதற்கான கருவியும் நம் மொழியிலேயே இருக்கிறது. அதற்குத்தான் இரண்டாம் படியில் வருகிறேன்.

முதல் படி: மேலே போகும் ‘அப்’பைப் பிரித்து வையுங்கள்

‘கோ அப்’, ‘ஸ்டேண்ட் அப்’, ‘லுக் அப்’ இவையெல்லாம் உடம்பால் செய்து காட்டக்கூடியவை. மாடிக்குப் போவது, எழுந்து நிற்பது, அண்ணாந்து பார்ப்பது. இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்குப் பக்கத்திலேயே ‘அதிகமாவது’ என்ற பொருள் இருக்கிறது. ‘ஸ்பீக் அப்’ என்றால் சத்தமாகப் பேசு, ‘ஸ்பீட் அப்’ என்றால் வேகத்தைக் கூட்டு, ‘ஹீட் அப்’ என்றால் சூடாக்கு. தமிழிலும் விலை ஏறுகிறது, சூடு ஏறுகிறது, குரலை உயர்த்துகிறோம். கூடுவதை மேலே போவதாகவே மனிதர்கள் நினைக்கிறார்கள் என்பதை ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் இருவரும் 1980-இல் உருவகங்களைப் பற்றி எழுதிய நூலில் விளக்கினார்கள். மகிழ்ச்சியையும் மேலே என்றே நினைக்கிறோம் என்பது அவர்கள் சொன்ன இன்னொன்று. ‘சியர் அப்’ என்று ஒருவரைத் தேற்றுவது அதனால்தான். இந்த வகையைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்ளலாம், இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் படி: ‘விடு’ போட்டுப் பாருங்கள்

பாதிக் குழப்பம் தீர்வது இந்தப் படியில்தான். பொறுமையாகப் படியுங்கள்.

“ஷீ ட்ரேங்க் தி மில்க்.” பால் குடித்தாள். டம்ளரில் இன்னும் மிச்சம் இருந்தாலும் இருக்கலாம். “ஷீ ட்ரேங்க் அப் தி மில்க்.” பாலைக் குடித்துவிட்டாள். டம்ளர் காலி. பால் எங்கேயும் மேலே போகவில்லை. ‘குடித்தாள்’ என்பதற்கும் ‘குடித்துவிட்டாள்’ என்பதற்கும் இடையில் நாம் உணரும் வித்தியாசம்தான் அந்த ‘அப்’.

நம் இலக்கணத்தில் இதைத் துணைவினை என்கிறோம். விடு, தீர், போடு, வை, தள்ளு, தொலை என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒவ்வொன்றும் முதல் வினைக்கு ஒரு சாயலைக் கொடுக்கும். நமக்கு இத்தனை சொற்கள் செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் ஒற்றை ‘அப்’ செய்துவிடுகிறது. அது தெரிந்தபின் இந்தச் சொல்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

“வீ யூஸ்ட் தி இங்க்” என்றால் மையைப் பயன்படுத்தினோம். “வீ யூஸ்ட் அப் தி இங்க்” என்றால் மையைத் தீர்த்துவிட்டோம். அலுவலகத்தில் ஒருவர் இரண்டாவதைச் சொன்னால், புது மை வாங்கச் சொல்கிறார் என்று பொருள். ‘டேர்’ கிழிப்பது, ‘டேர் அப்’ கிழித்துப் போடுவது. ‘டை’ கட்டுவது, ‘டை அப்’ கட்டிவைப்பது. ‘லாக் அப்’ பூட்டிவைப்பது. ‘சேவ் அப்’ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைப்பது. “ஹீ மெஸ்ட் அப் தி பிளான்” என்று எரிச்சலோடு ஒருவர் சொன்னால், ‘திட்டத்தைக் கெடுத்துத் தொலைத்தான்’ என்ற அந்தத் ‘தொலை’தான் அது. ‘எண்ட் அப்’ என்பது எங்கோ கிளம்பி வேறெங்கோ போய் நிற்பது. “வீ எண்டட் அப் இன் தி ராங் பில்டிங்”, கடைசியில் வேறு ஏதோ கட்டடத்தில் போய் நின்றோம்.

தேர்வறையில் “யுவர் டைம் இஸ் அப்” என்று சொல்வார்கள். நேரத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள் என்று நம்பி எழுதிக்கொண்டே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கேயும் ‘விடு’தான்: நேரம் முடிந்துவிட்டது, பேனாவை வையுங்கள்.

ஆகவே பழக்கமில்லாத ‘அப்’ ஒன்று எதிர்ப்பட்டால் உடனே அகராதிக்கு ஓடாதீர்கள். அந்த வினைக்குப் பின்னால் ‘விடு’, ‘தீர்’, ‘போடு’, ‘வை’ என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வாக்கியத்துக்குப் பொருந்தினால் சரி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கேட்கும்போது இந்த வழி நன்றாக உதவும், பேசும்போது எல்லா வினையோடும் ‘அப்’பை ஒட்டிவிடக் கூடாது. ‘எழுதிவிட்டேன்’ என்பதற்கு ‘ரைட் அப்’ என்று சொன்னால் பொருள் மாறும். குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒழுங்காக, முழுமையாக எழுதுவதுதான் ‘ரைட் அப்’. ‘கம்ப்ளீட் அப்’, ‘டெஸ்ட்ராய் அப்’ என்றெல்லாம் கிடையவே கிடையாது. ‘அப்’ ஒட்டுவது பெரும்பாலும் ஈட், கட், டை, யூஸ் மாதிரியான குட்டி வினைகளோடுதான். பேச்சில் பயன்படுத்தும் முன் குறைந்தது இரண்டு முறையாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: முளைக்கிற ‘அப்’

“சம்திங் ஹேஸ் கம் அப்.” இந்த வாக்கியம் அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி வரும். ‘ஏதோ மேலே வந்திருக்கிறது’ என்று படித்தால் ஒன்றும் புரியாது. ‘திடீரென்று ஒரு வேலை முளைத்துவிட்டது’ என்று படித்தால் உடனே புரியும். மண்ணுக்கடியில் இருந்தது தலைகாட்டுவது போல என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி எழுந்தது, சந்தேகம் கிளம்பியது என்று நாம் சொல்வதும் இதே படம்தான்.

‘ஷோ அப்’, ‘டர்ன் அப்’ இரண்டுமே வந்து சேர்வது. ‘டர்ன் அப்’பில் எதிர்பாராமல் என்ற சாயல் கூடுதலாக வரும், காணாமல் போன சாவி கிடைத்தாலும் ‘டர்ன் அப்’தான். ‘பிரிங் அப்’ என்றால் ஒரு பேச்சை எடுப்பது. “பிளீஸ் பிரிங் இட் அப் அட் தி மீட்டிங்” என்றால் பொருள் எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், கூட்டத்தில் அந்த விஷயத்தைக் கிளப்புங்கள் என்று அர்த்தம். குழந்தை வளர்ப்பதும் ‘பிரிங் அப்’தான். எந்த அர்த்தம் என்பதை அடுத்து வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். ‘கம் அப் வித்’ என்றால் யோசனை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வது.

நெருங்கி வருவதும் இந்தக் குடும்பம்தான். ‘கேட்ச் அப்’ என்றால் முன்னால் போனவரை எட்டிப் பிடிப்பது. விடுப்பு முடிந்து வந்தவர் “ஐ நீட் டு கேட்ச் அப்” என்பார், விட்டுப்போன வேலையை எட்டிப் பிடிக்க வேண்டுமாம். ‘கீப் அப்’ என்றால் பின்தங்காமல் ஈடுகொடுப்பது.

நான்காம் படி: அடங்காதவற்றை வாக்கியமாகவே பிடியுங்கள்

இத்தனைக்குப் பிறகும் எந்தக் கணக்கிலும் அடங்காத சில இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கவே வேண்டாம். ‘கிவ் அப்’புக்குத் தமிழில் ‘கைவிடு’. ‘கைவிடு’ என்பதைக் ‘கை’ என்றும் ‘விடு’ என்றும் பிரித்து யாராவது அர்த்தம் தேடுவோமா? அதேபோல்தான். ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. ‘லுக் அப் டு’ என்றால் ஒருவரை மதித்துப் பார்ப்பது. ‘டு’ இல்லாமல் ஒரு சொல்லையோ எண்ணையோ ‘லுக் அப்’ செய்தால் அது அகராதியிலோ பட்டியலிலோ தேடிப் பார்ப்பது.

‘மேக் அப்’ ஒன்றுதான் கொஞ்சம் படுத்தும். கதை கட்டுவதும் அதுதான், சண்டை போட்டவர்கள் சமாதானமாவதும் அதுதான். பின்னால் ‘ஃபார்’ வந்தால் இழந்ததை ஈடுகட்டுவது. மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

‘ஹேங் அப்’ என்றால் ஏன் தொலைபேசியை வைப்பது? பழைய தொலைபேசிகளில் காதில் வைக்கும் பகுதியை ஒரு கொக்கியில் மாட்டினால்தான் இணைப்பு துண்டிக்கும். கொக்கி போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. “டோன்ட் ஹேங் அப்” என்றால் வைத்துவிடாதீர்கள். “ஹேங் ஆன்” என்றால் கொஞ்சம் இருங்கள். இரண்டு பேரும் உங்களை இருக்கத்தான் சொல்கிறார்கள். அவசரத்தில் ‘ஹேங்’ மட்டும் காதில் விழுந்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு, கவனம்.

ஐந்தாம் படி: ‘இட்’ எங்கே வரும்?

பேசும்போது அதிகம் தவறுவது இங்கேதான். “பிக் அப் தி பேப்பர்” சரி, “பிக் தி பேப்பர் அப்” அதுவும் சரி. ஆனால் பேப்பருக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்காரும்: “பிக் இட் அப்.” “பிக் அப் இட்” என்று சொன்னால் காதில் உறுத்தும். ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ எல்லாவற்றுக்கும் இதே விதி.

எல்லா ‘அப்’பும் இப்படி விலகி வழிவிடாது. “ஹீ ரேன் அப் தி ஹில்” என்றால் குன்றின் மேல் ஓடினான். “ஹீ ரேன் அப் தி பில்” என்றால் செலவுக் கணக்கை ஏற்றிக்கொண்டே போனான். காதுக்கு ஓரெழுத்து வித்தியாசம்தான். ‘இட்’ போட்டுப் பாருங்கள்: குன்றுக்கு “ஹீ ரேன் அப் இட்”, பில்லுக்கு “ஹீ ரேன் இட் அப்”. குன்றில் வருவது நிஜமான ‘மேலே’, அது குன்றோடு சேர்ந்தது. பில்லில் வருவது வினையோடு சேர்ந்தது. ‘புட் அப் வித்’ மாதிரி மூன்று சொல் சேர்ந்து வந்தால் எதையும் நடுவில் நுழைக்காதீர்கள், “ஐ கான்ட் புட் அப் வித் இட்” என்று கடைசியில் சொல்லுங்கள்.

ஆறாம் படி: காதைப் பழக்குங்கள்

புத்தகத்தில் ‘பிக்’, ‘இட்’, ‘அப்’ என்று மூன்று சொல் தெரியும். வாயில் வரும்போது அது ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சு. தமிழர்களுக்கு இது கஷ்டமே இல்லை, ஏற்கெனவே நாம் அப்படித்தான் சொல்கிறோம்: மேக்கப், செட்டப், பிக்கப், பேக்கப். மெய்யோடு உயிர் சேர்ந்து ஒலிப்பது நம் மொழியின் இயல்பு. அதே காதோடு ஆங்கிலத்தைக் கேட்டால் ‘மெஸ்ஸிட்டப்’, ‘லுக்கிட்டப்’ எல்லாம் பிரிந்து தெரியும்.

ஆனால் அழுத்தத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ‘பேக்கப்’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் ‘பேக்’கில் விழும். ‘பேக் அப் யுவர் ஃபைல்ஸ்’ என்று வினையாக வரும்போது அழுத்தம் ‘அப்’பில் விழும். எழுதும்போதும் பெயர்ச்சொல்லைச் சேர்த்து, வினையைப் பிரித்து எழுதுவார்கள். இன்னொன்று: தமிழில் நாம் சொல்லும் ‘கெட்டப்’ வேஷம், ஆங்கிலத்தில் ‘கெட் அப்’ என்று வினையாகச் சொன்னால் எழுந்திரு.

தனியாக நிற்கும் ‘அப்’பும் காதில் விழும். “ஆர் யூ அப்?” விழித்திருக்கிறாயா? “தி சர்வர் இஸ் அப்” சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. “வாட்ஸ் அப்?” என்ன சேதி? வாட்ஸ்அப் செயலியின் பெயர் இந்தக் கேள்வியை வைத்துப் பண்ணிய சொல் விளையாட்டு. ஆனால் முகத்தைப் பார்த்துக் கவலையோடு “இஸ் சம்திங் அப்?” என்று கேட்டால், ஏதாவது பிரச்சினையா என்று விசாரிக்கிறார்கள். “இட்ஸ் அப் டு யூ” உன் இஷ்டம். “ஐ ஆம் அப் ஃபார் இட்” எனக்குச் சம்மதம், நான் தயார். “அப் டு டென் பீப்பிள்” பத்துப் பேர் வரை, பத்தாவது ஆளும் அதில் சேர்த்தி.

‘அப்’புக்கு எதிர்ச்சொல் ‘டவுன்’ என்று எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள். ‘ஸ்லோ அப்’, ‘ஸ்லோ டவுன்’ இரண்டுமே வேகத்தைக் குறைப்பது. கடிதம் எரிந்து சாம்பலானால் ‘பர்ன் அப்’, வீடு எரிந்து தரைமட்டமானால் ‘பர்ன் டவுன்’. ‘பிரேக் டவுன்’ என்றால் வண்டி பழுதாகி நிற்பது, மனிதர் மனமுடைந்து அழுவது. ‘பிரேக் அப்’ என்றால் துண்டு துண்டாவது. உறவும் துண்டாகலாம், குரலும் துண்டாகலாம்.

கடைசியாக, நோட்டு

அகர வரிசையில் எழுதாதீர்கள். இடத்தை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் போடுங்கள்: தொலைபேசிக்கு ஒரு பக்கம், கூட்டத்துக்கு ஒன்று, வீட்டு வேலைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஏழெட்டு வாக்கியம் போதும். தனிச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள், பக்கத்தில் அதற்கு நீங்கள் வீட்டில் பேசும் தமிழையே எழுதுங்கள். புத்தகத் தமிழில் எழுதினால் அவசரத்துக்கு நினைவுக்கு வராது.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து போட்ட தொலைபேசிப் பக்கம் இது. “பிளீஸ் ஸ்பீக் அப்”, கொஞ்சம் சத்தமா பேசுங்க. “ஹீ டிட்ன்ட் பிக் அப்”, அவர் எடுக்கல. “ஷீ ஹங் அப்”, அவங்க வச்சிட்டாங்க. “லெட் மி லுக் தட் அப்”, பாத்துச் சொல்றேன். “கேன் வீ செட் அப் எ கால்?”, பேச ஒரு நேரம் வச்சுக்கலாமா? “ஐ வில் ஃபாலோ அப் டுமாரோ”, நாளைக்கு மறுபடி விசாரிக்கிறேன். “லெட்ஸ் ராப் அப்”, முடிச்சுக்கலாம். முதல் வரியில் அவளே பெரிதாக எழுதி வைத்திருந்தாள்: “யூ ஆர் பிரேக்கிங் அப்”, குரல் விட்டு விட்டுக் கேக்குது.

அதற்குக் கீழே என்ன பதில் சொல்வது என்பதையும் எழுதினோம். இடத்தை மாற்றி நின்று “இஸ் திஸ் பெட்டர்?” என்று கேட்க வேண்டும். அப்போதும் சரியாகவில்லை என்றால், “ஐ வில் கால் யூ ரைட் பேக்.” அடுத்த நேர்முகத் தேர்வில் அந்த வாக்கியம் மறுபடி வந்தது. அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்று, “இஸ் திஸ் பெட்டர்?” என்றாள். எதிர்முனையில் “மச் பெட்டர், கோ ஆன்” என்றார்கள்.